புதுவைக் கவிகளின் ஜீவனம்

புதுச்சேரிக்கு வருகிற தமிழன்பர்கள், கடற்கரையையும் ஆசிரமத்தையும் கண்டு முடித்த பின்னர், ஊருக்குள் சற்று நடந்து சென்று பக்தியோடு பார்த்துத் திரும்புகிற இல்லங்கள் இரண்டு உண்டு. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் குடியிருந்த வீடு ஒன்று. பெருமாள் கோயில் தெருவில் 95 ஆம் எண்ணுள்ள பாரதிதாசனார் வீடு மற்றொன்று. குருவின் வீடு வாடகை வீடு. அந்த வாடகையும் மாதக்கணக்கில் நின்றுபோனதுண்டு, அதைக் கேட்டு நெருக்காத உத்தமமான குணம் அந்த வீட்டுக்காரச் செட்டியாருக்கு இருந்தது. சீடரின் வீடு சொந்த வீடு. பிரெஞ்சிந்திய சர்க்காரின் பள்ளிக்கூடங்களில் முப்பத்தாறு ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்த பிறகு, 1945 ஆம் ஆண்டில் அவர் வாங்கியது. இவ்விரு வீடுகளுக்கும் இடையேயுள்ள வித்தியாசத்தை அதிர்ஷ்டம் என்றோ விதி என்றோ சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு கலைஞன் தன் கலையைக் கைவிடாமல் ஆயுள் முழுவதும் நடத்திச் செல்வதற்கு எத்தகைய ஜீவனோபாயம் துணை நின்றது, எது துணை நில்லாமற் போயிற்று என்னும் விஷயத்தில், இந்தச் சிறு பட்டணத்தின் சரித்திரம் நமக்குச் சொல்லக்கூடியது மிகுதி.

பழைய காலத்தில் இந்தக் கேள்விக்கு இருந்த விடை எல்லாரும் அறிந்ததே. வள்ளல் ஒருவனை அண்டுவது, அவன் மீது கோவையோ உலாவோ பாடுவது, சால்வையும் பொற்காசும் பெற்று மீள்வது என்பதுதான் அது. புதுச்சேரியில் அந்த மரபின் கடைசிப் பெரிய பிரபு, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸ் துரையின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை. 1709 இல் பிறந்து, பாக்குக்கும் துணிக்கும் விலை பேசி, 'ஆனந்தப் புரவி' என்று சொந்தக் கப்பலும் விட்ட அவரைத் தியாகராய தேசிகர் தமிழில் 'ஆனந்தரங்கன் கோவை' என்று பாடினார்; சீனிவாச கவி வடமொழியில் 'ஆனந்தரங்க விஜய சம்பு' என்று பாடினார். ஆயினும் இன்றைக்கு நாம் பிள்ளையவர்களை நினைப்பது அவர் பிறரைப் பாடச் செய்தவற்றால் அன்று. யாரும் கேளாமலும் யாரும் காசு கொடாமலும், 1736 முதல் 1761 வரை கால் நூற்றாண்டு அவர் தாமே எழுதிய தினசரிக் குறிப்பால்தான் நினைக்கிறோம். தமிழ் ஆண்டும் மாதமும் கிழமையும் போட்டு, இன்ன பொழுதில் கோட்டைக்குப் போனது, முசே துய்ப்ளெக்ஸ் இன்னது கேட்டது, நாம் இன்னது சொன்னது, வெற்றிலை பாக்கு யாருக்குக் கொடுத்தது, எத்தனை பீரங்கி போட்டது என்று, வியாபாரி கணக்கெழுதுகிற அதே பேச்சு நடையில் அவர் எழுதிக்கொண்டே போனார். துபாஷித்தனம் அவருக்குச் சோறு போட்டது மட்டுமன்று; எழுதுவதற்கு விஷயமும் கொடுத்தது. தொழிலும் எழுத்தும் ஒன்றையொன்று போஷித்த முதல் உதாரணமாக, புதுவையைப் பொறுத்தமட்டில், நான் அவரையே சொல்வேன்.

வள்ளலை அண்டிய ஜீவனத்திலுள்ள குறையும் அவருடைய முடிவிலேயே தெரிகிறது. 1761 ஜனவரி 12 ஆம் தேதி அவர் காலமானார். நான்கு நாள் கழித்துக் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. பட்டணமே இடித்துத் தள்ளப்பட்டது. ஒரு மனிதரின் ஆயுளையும் ஒரு கொடியின் ஆயுளையும் நம்பிய கவிஞர்கள் பிறகு எந்த வாசலுக்குப் போயிருப்பார்கள்?

அதற்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு சென்று, 1908 ஆம் ஆண்டில், சென்னையிலிருந்து பாரதியார் இங்கே வந்து சேர்ந்தார். 'இந்தியா' வாரப் பத்திரிகையின் பதிவு பெற்ற ஆசிரியரான சீனிவாசன் என்பவரைச் சென்னைப் போலீஸார் கைது செய்ததும், உண்மை ஆசிரியராகிய பாரதியாரை நண்பர்கள் பிரெஞ்சு எல்லைக்குள் அனுப்பிவைத்தார்கள்; பின்னாலேயே, பத்திரிகையை நடத்திய மண்டயம் குடும்பத்தாரின் அச்சு யந்திரமும் வந்தது. புதுச்சேரியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. முன் அனுமதியும் ஜாமீன் தொகையும் இல்லாமலே எவரும் பத்திரிகை நடத்தலாம் என்று பிரான்சு தேசம் 1881 ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் அதன் குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்துவதாயிருந்தது. ஆகவே 1908 அக்டோபர் முதல் 'இந்தியா' இங்கிருந்து தடையின்றி வெளிவந்தது. 'விஜயா' என்ற தினசரியும் வேறு சில பத்திரிகைகளும் தோன்றின. எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் இராது என்றே அன்று தோன்றியிருக்கும்.

ஆனால் எழுதும் சுதந்திரம் வேறு, எழுதி ஜீவிப்பது வேறு. அச்சு யந்திரம் எல்லைக்கு இப்பால் இருந்தது. வாசகர்களோ எல்லைக்கு அப்பால், சென்னையிலும் தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் இருந்தார்கள். புதுச்சேரிக்குள்ளேயே ஒரு வாரப் பத்திரிகையைத் தாங்கத் தக்க அளவுக்குச் சந்தாதாரர் கிடையாது. இதை ஆங்கில சர்க்கார் நன்கு அறிந்திருந்தது. பிரெஞ்சு மண்ணில் ஒருவரையும் தொட முடியாத நிலையில், அது சந்தாவைத் தொட்டது. பத்திரிகை பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையக் கூடாதென்று தடுத்தது. தபாலில் வந்த பிரதிகள் பறிமுதலாயின. 1910 மார்ச்சு மாதத்தோடு 'இந்தியா' நின்றது. இருபத்தேழு வயதில், மனைவியும் குழந்தைகளும் உடைய ஒரு குடும்பஸ்தர், தம்முடைய எழுத்து ஒன்றையே வருமானமாகக் கொண்டிருந்தவர், அந்த வருமானத்தின் வழி ஒரே அடியாக அடைபட்டதைக் கண்டார். மறு ஆண்டு மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பின்பு ஒற்றர்களின் தொல்லை பெருகிற்று. கடிதங்களும் மணியார்டர்களும்கூட ஒழுங்காய் வந்து சேர்வது அரிதாயிற்று.

அந்தக் காலந்தான் அவருடைய சிருஷ்டியின் உச்ச காலமாயிருந்தது என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் இந்த ஊரில் பிறந்தவை. வறுமைதான் கவிதையை வளர்த்தது என்று பேசுவோரும் உண்டு. அந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பாகம் 1912 இல் அச்சாயிற்று. இரண்டாம் பாகம் வெளிவந்தது 1924 இல். கவிஞர் காலமாகி மூன்று ஆண்டுகள் சென்ற பிறகு. எழுதி முடித்த காவியத்தின் பிற்பாகத்தை, அச்சிட்ட புத்தகமாக அதன் ஆசிரியர் தம் கண்ணால் காணவில்லை. வறுமை கவிதைக்குச் செய்த உபகாரம் இதுதான். அந்தப் பத்தாண்டுகளின் பாரம் பெரும்பகுதி யார் தலையில் இறங்கியது என்பதையும் மறக்கலாகாது. இல்லாத அரிசியைக் கொண்டு சமைக்க வேண்டியிருந்தவர் செல்லம்மாள். கணவருடைய பாடல்களை 1922 இல் 'சுதேச கீதங்கள்' என்று பிரசுரிக்க முன்வந்ததும் அந்த அம்மையார்தாம்.

முதல் உலக யுத்த காலத்தில் 'சுதேசமித்திர'னுக்கு மீண்டும் எழுதும் வாய்ப்பு வந்ததால் ஓரளவு மூச்சுவிட முடிந்தது. அதையும் நண்பர்களின் அன்பையும் நம்பியே நாட்கள் சென்றன. 1918 நவம்பரில் அவர் புதுவையை விட்டுப் புறப்பட்டுக் கடலூரருகே கைதாகி, சிறையிலிருந்து மீண்டு கடையத்துக்குப் போன பின், ஜீவனத்துக்காகச் செய்த இரண்டு முயற்சிகள் நம் கவனத்துக்கு உரியவை. 1919 இல் எட்டயபுரம் ஜமீந்தாருக்குச் சீட்டுக்கவி எழுதினார், பழைய வள்ளல் வாசலைத் தட்டிப் பார்த்தார், பதில் இல்லை. 1920 இல் அதற்கு நேர்மாறான ஒரு காரியத்தை எண்ணினார். தம் எழுத்துக்கள் யாவற்றையும் நாற்பது புத்தகங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதி, ஆக நான்கு லட்சம் பிரதி அச்சிடப்போவதாகவும், மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பது போல அவை வீடுதோறும் விற்குமென்றும், அதற்கான முதலை நண்பர்கள் கடனாகத் தந்தால் பத்திரம் எழுதி வட்டியும் தருவதாகவும் சுற்றுக் கடிதம் விடுத்தார். ஓராண்டு இடைவெளியில் ஒரே மனிதர், கைவிட்டுப்போன பழைய ஏற்பாட்டையும் இன்னும் பிறவாத புதிய ஏற்பாட்டையும் முயன்று பார்த்திருக்கிறார். பணம் திரளவில்லை. மறுபடியும் 'சுதேசமித்திரன்' உத்தியோகத்தில் அமர்ந்து, 1921 செப்டம்பரில் மறைந்தார். அந்தச் சுற்றுக் கடிதத்தைப் பைத்தியக்காரக் கனவு என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் நூல்களுக்கு வாசகர் இருப்பர் என்ற கணக்கில் பிழை இல்லை. அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடையும் முதலும் அன்று இல்லாமற் போனதே குறை. 1949 இல் சென்னை சர்க்கார் அவருடைய எழுத்துக்களின் உரிமையை வாங்கும் நிலை வந்ததே அதற்குப் போதிய சாட்சி.

இனி, சீடரின் கதை. 1891 ஏப்ரல் 29 ஆம் தேதி பிறந்த கனகசுப்புரத்தினம் கலவைக் கல்லூரியில் தமிழ் கற்றுத் தேறி, 1909 ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், காரைக்காலை அடுத்த நிரவியில் அரசினர் பள்ளி ஆசிரியரானார். பாரதியாரின் பத்திரிகை நிற்பதற்கு முந்தைய ஆண்டு அது. சர்க்கார் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் புதுவையில் இருந்த மதிப்பு வெளியூராருக்கு எளிதில் விளங்காது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஊழியம் செய்து திரும்பிய சொல்தாக்களின் வீடுகளில் தேதி தவறாமல் பணம் வந்து இறங்குவதைத் தெருவே பார்த்திருந்த ஊர் இது. அந்த ஒழுங்கில் ஒரு சிறு பங்கு ஆரம்பப் பள்ளி வாத்தியாருக்கும் கிடைத்தது. அதிகமில்லை, ஆனால் மாதந்தோறும் வந்தது.

இந்தச் சம்பளத்தின் விசேஷத்தை ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். பாரதியாருடைய வருமானம் எந்த வாசகரிடமிருந்து வந்ததோ அந்த வாசகரை ஆங்கில சர்க்கார் துண்டித்துவிட முடிந்தது. பாரதிதாசனாருடைய சம்பளம் அவர் கவிதையிலிருந்து வந்ததன்று. அவர் எழுதுவது பிடிக்காத எவராலும் சென்னையிலிருந்துகொண்டு அதை நிறுத்த முடியாது. பிரெஞ்சு சர்க்காருக்கோ அவர் வகுப்பை ஒழுங்காக நடத்துகிறாரா என்பதே முக்கியம். சர்க்கார் ஊழியராதலால் அவர் எச்சரிக்கையாகவும் இருந்தார். கண்டழுதுவோன், கிறுக்கன், கிண்டல்காரன் என்று பல பெயர்களில் புதுவை ஏடுகளில் எழுதிவந்தார். பாரதிதாசன் என்ற பெயரும் அவற்றுள் ஒன்றாகவே பிறந்தது. பின்னால் அதுவே நின்றது. ஊர் ஊராக மாற்றம் வந்ததுண்டு. ஆனாலும் முதல் தேதி அடுப்பெரியுமா என்ற கவலை அந்த வீட்டில் கவிதையின் தொண்டையை நெரிக்கவில்லை.

வகுப்பறை அவருக்குச் சோறு மட்டும் போட்டதாக நான் நினைக்கவில்லை. முப்பது நாற்பது சிறுவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்லும்போது எந்தச் சந்தம் நாக்கில் நிற்கும், எந்தச் சொல் அவர்கள் வாயில் இடறும் என்பதை வேறெந்தக் கவிஞரைக் காட்டிலும் ஓர் ஆரம்பப் பள்ளித் தமிழாசிரியர் அதிகம் அறிவார். 1930 இல் அவர் வெளியிட்ட 'சிறுவர் சிறுமியர் தேசிய கீதம்' அந்த அறிவின் நேர் விளைவு. 'இசையமுது', 'அழகின் சிரிப்பு' முதலியவற்றிலுள்ள நேரடியான சொல்லும் நடைபோடும் தாளமும்கூடப் பள்ளிக்கூடத்தில் பழகியவை என்றே எனக்குப் படுகிறது. 'குடும்ப விளக்'கின் முதற்பகுதிகள், 'பாண்டியன் பரிசு', 'இருண்ட வீடு' ஆகிய யாவும் உத்தியோகத்தில் இருந்துகொண்டே எழுதியவை. 1930 இல் தோன்றிய 'புதுவை முரசு' என்ற வார ஏட்டுக்கு உழைத்ததும், 1935 இல் பாட்டுக்கென்றே 'ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்' என்ற பத்திரிகையை நடத்தியதும் இதே வாத்தியார் வேலையின் ஓய்வு நேரத்தில்தான்.

அவ்விதம் இருந்தும் விலை கொடுக்காமல் இல்லை. அவருடைய கவிதைகளின் முதற்பெருந்தொகுதி 1938 இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 47. ஆசிரியப் பணியில் இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. சுயமரியாதை இயக்கத்தைச் சேர்ந்த குஞ்சிதம் குருசாமி அம்மையார் வெளியிட, கடலூர் நாராயணசாமி நாயுடு பொருளுதவி செய்து அது வந்தது. வள்ளல் ஒருவர் அங்கே இருக்கிறார் என்பது உண்மைதான்; ஆனால் அவர்மீது பாடிய கோவை அல்ல அந்த நூல். அவருக்குப் பின்னால், சுயமரியாதை மேடைகளில் அந்தப் பாட்டுக்களைக் கேட்டுப் பழகிய ஒரு பெருங்கூட்டம் நின்றது. பாரதியார் தம் சுற்றுக் கடிதத்தில் தேடிய வாசகர்கள் பதினெட்டு ஆண்டு தாமதமாக வந்து, சீடரின் வாசலில் நின்றார்கள். 1946 ஜூலையில் அண்ணாதுரை முயன்று திரட்டி, சென்னையில் பாரதிதாசனாருக்கு அளித்த 25,000 ரூபாய் நிதியும் அந்தக் கூட்டத்தார் கொடுத்ததே. அதே ஆண்டில் அவர் ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பிந்தைய பதினெட்டு ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்வேன். 'குயில்' பத்திரிகை, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரின் 'பொன்முடி', 'வளையாபதி' போன்ற படங்களுக்கு வசனமும் பாட்டும், பிறகு 1961 இல் சென்னைக்குப் போய், 'பாண்டியன் பரிசை'த் தாமே சினிமாவாக எடுக்க ஆரம்பித்த சாகசம். படம் முடிவடையவில்லை. 1964 ஏப்ரல் 21 இல் சென்னை ஆஸ்பத்திரியில் அவர் காலமானார். 'பிசிராந்தையார்' நாடகத்துக்கு சாகித்ய அகாதெமியின் பரிசு அறிவிக்கப்பட்டது 1969 இல்.

அவர் காட்டிய வழி ஒரு பரம்பரையாயிற்று. அவரிடம் பள்ளியில் பயின்ற, வில்லியனூரில் பிறந்த வாணிதாசன் தாமும் ஆசிரியராகி, சேலியமேட்டு வயல்களையும் ஏரிகளையும் பாடிக்கொண்டே, தமிழ்–பிரெஞ்சு அகராதி ஒன்றும் தொகுத்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து புதுவைக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்த ம. இலெ. தங்கப்பா, ஆரவாரம் ஏதுமின்றிச் சங்கப் பாடல்களைப் பல்லாண்டு ஆங்கிலத்தில் பெயர்த்துவந்து, 2012 இல் அதற்குரிய சாகித்ய அகாதெமிப் பரிசைப் பெற்றார். ஏழெட்டு வகுப்புக்கு மேல் படியாத கரிசல் விவசாயி கி. ராஜநாராயணனை 1989 இல் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்து, நாட்டார் கதைகளைச் சேகரிக்கச் செய்தது. அவர் இந்த ஊர்க்காரராகவே ஆகி, 2021 இல் இங்கேயே மறைந்தார். ஒரு ஸ்தாபனம் ஒரு கலைஞனுக்குச் செய்யக்கூடிய மரியாதைகளில் இதைவிடச் சிறந்ததை நான் அறியேன். அவருக்குத் தெரிந்ததற்காகவே அவரை அழைத்தார்கள், தெரியாததைக் கேட்டுத் திருப்பி அனுப்பவில்லை.

இந்த வரிசைக்கு வெளியே நின்றவர் தமிழ் ஒளி. விஜயரங்கம் என்ற இயற்பெயர் கொண்டு 1924 இல் பிறந்து, புதுவையில் வளர்ந்து, பாரதிதாசனாரின் நிழலில் கவிஞராகி, 'வீராயி' போன்ற காவியங்களை எழுதிய அவருக்கு நிலையான உத்தியோகம் எதுவும் அமையவில்லை. 1965 மார்ச்சில், நாற்பது வயதில், புதுவையிலேயே நோயுற்று மறைந்தார். அவருக்கு வாணிதாசனைக் காட்டிலும் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. குறைந்தது திறமை அன்று, மாதச் சம்பளம்.

சம்பளம் இல்லாமலே எழுதி ஜீவிக்கத் துணிந்து, சிரமங்களுக்கிடையே அதைச் சாதித்தவரும் புதுவையில் உண்டு. 1945 இல் இங்கே பிறந்த பிரபஞ்சன், வாரப் பத்திரிகை அலுவலகங்களில் சில காலமும் தனியே சென்னை அறைகளில் நெடுங்காலமுமாக வாழ்ந்து, ஆனந்தரங்கப் பிள்ளையின் அந்தப் பழைய தினசரியைப் பிரித்து வைத்துக்கொண்டு 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் நாவல்களைப் படைத்தார். பின்னதற்கு 1995 இல் சாகித்ய அகாதெமிப் பரிசு கிடைத்தது. துபாஷி ஒருவர் ஊதியம் கருதாமல் எழுதிவைத்தது, இருநூறு ஆண்டு சென்று மற்றொரு புதுவைக்காரருக்கு ஆயுட்கால வேலையாயிற்று. 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது புதுவை சர்க்கார் அரசு மரியாதையோடு அவரை அனுப்பிவைத்தது.

எழுத வேண்டும், வரைய வேண்டும், பாட வேண்டும் என்ற தாகத்தோடு இன்று இந்நகரில் வளரும் பிள்ளைகளுக்கு நான் வேலையை விடு என்றும் சொல்ல மாட்டேன், கலையை விடு என்றும் சொல்ல மாட்டேன். உன் எழுத்தைப் பிடிக்காதவன் நிறுத்த முடியாத ஒரு வருமானத்தையும், உன் எழுத்துக்கு விஷயம் தரக்கூடிய ஒரு தொழிலையும் தேடிக்கொள் என்று மட்டும் சொல்வேன். ஆனால் இந்தச் சரித்திரம் அவர்களைவிட நம்மைத்தான் அதிகம் கேள்வி கேட்கிறது. இறந்த பின் நினைவு இல்லம் அமைப்பதிலும் தெருவுக்குப் பெயர் சூட்டுவதிலும் நாம் பின்வாங்கியதில்லை. உயிரோடு இருக்கும்போது புத்தகத்துக்குக் காசு கொடுப்பதில்தான் தயங்குகிறோம். தெரிந்த எழுத்தாளர் என்றால் கையெழுத்துப் போட்ட பிரதியை அவரிடமே இலவசமாக எதிர்பார்ப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது இது: இந்த ஆண்டு வெளிவரும் புதுவை எழுத்தாளர் ஒருவருடைய நூல் ஒன்றையேனும், அவர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாமல், கடைக்குப் போய் முழு விலை கொடுத்து வாங்குங்கள்.